வாசிக்காமல் வரைந்த ராக்கெட்

இன்று காலை என் மகள் ஜன்னல் கண்ணாடி துடைக்கப் புதிதாக ஒரு புட்டி வாங்கி வந்தாள். மூடியைத் திருகியதும் வீடு முழுக்க அந்த வாடை ஏறியது. ஒத்தக்கடை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த எனக்குக் கண் எரிந்து நீர் கொட்டியது. "என்னம்மா, சேரலையா?" என்று அவள் புட்டியைத் தூரக் கொண்டுபோய் வைத்தாள். அமோனியா வாடை, வேறொன்றுமில்லை என்றேன். அது பாதி உண்மை. நீ கண்மூடி இரண்டு மாதம் ஆகிறது. அன்று உன் வீட்டு வாசலில் வராத அழுகை, இன்று கண்ணாடி துடைக்கும் புட்டிக்கு வந்துவிட்டது.

நாம் இருவரும் வேலை பார்த்த அலுவலகத்தின் பின்னறையில் நாள் முழுக்க இந்த வாடைதான். வரைபடங்களுக்கு அமோனியா நகல் எடுக்கும் இயந்திரம் அங்கே இருந்தது. முன்னறையில் சாய்வு மேசைகளில் ஆறு பெண்கள், அதில் ஜன்னலோரம் நாம் இருவர். நம் முதலாளியான இன்ஜினியர் சார், அரிசி ஆலை, கல்யாண மண்டபம், கிட்டங்கி என்று பென்சிலால் படம் போட்டுத் தருவார். அதன்மேல் ட்ரேசிங் துணியை விரித்து, அடியில் தெரியும் கோடுகளை மையால் நகலெடுப்பது நம் வேலை. எழுபதுகளின் கடைசியில் மதுரையில் ஒரு பெண் 'ட்ரேசர்' என்று சொன்னால் பாதிப் பேருக்குப் புரியாது. என் அப்பாவே நான் ஏதோ தையல் வேலை செய்கிறேன் என்றுதான் ஊரில் சொல்லிக்கொண்டிருந்தார்.

சாருக்கு ஒரே ஒரு பாடம் உண்டு. "கோட்டைப் பாரும்மா, கதையைப் பாக்காத." மூலத்தில் என்ன இருக்கிறதோ அது நகலில் இருக்க வேண்டும். கூடக் கூடாது, குறையக் கூடாது, ஏன் என்று கேட்கவும் கூடாது. வரைந்து முடித்ததும் ஒத்துப் படிக்க வேண்டும். ஒருத்தி மூலப் படத்திலுள்ள எண்களை வாய்விட்டுப் படிப்பாள். வரைந்தவள் தன் படத்தில் அதே எண் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே போவாள். நீ வரைந்ததற்கு நான் படிப்பேன், நான் வரைந்ததற்கு நீ. வாய்ப்பாடு ஒப்பிப்பது போல எண்களைக் கடகடவென்று படித்துத் தள்ளுவேன். "மெதுவாப் படிடி, யாரு உன்னைத் துரத்துறா?" என்று நீ அதட்டுவாய்.

அந்த ஐப்பசியில் எழுமலைப் பக்கம் கடலை மூட்டை அடுக்கும் கிட்டங்கி ஒன்றின் சன்ஷேடு விழுந்தது. வாசலுக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த கான்கிரீட் பலகை. மழைக்கு அதன் கீழ் ஒதுங்கி நின்ற கூலிக்காரப் பெண் ஒருத்தி அங்கேயே இறந்துபோனாள். கம்பிகளை நெருக்கமாகக் கட்டாமல் தள்ளித் தள்ளிக் கட்டிவிட்டு, மிச்சத்தைக் கொத்தனார் விற்றுவிட்டார் என்று அவர்மேல் வழக்குப் போட்டார்கள். அது நம் அலுவலகத்துப் படம். மொத்தம் இரண்டு தாள், இரண்டையும் வரைந்தது நீ. விசாரிக்க வந்தவர்களிடம் சார் முதல் தாளை மட்டும் எடுத்துக் கொடுத்தார். கம்பிக்குக் கம்பி பதினைந்து சென்டிமீட்டர் இடைவெளி என்று அதில் தெளிவாக இருந்தது. கொத்தனார் இருபத்தைந்து விட்டிருந்தார்.

தளத்தில் இருந்த நகல் மழையில் நனைந்து கூழாகிப் போயிருந்தது. கொத்தனார் ஜாமீனில் வந்துவிட்டார், ஆனால் அவரை ஒருவரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. கம்பித் திருடன் என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். அவருடைய மனைவி இரண்டு முறை நம் அலுவலகப் படியேறி வந்தாள். "படத்துல இருந்தபடிதான் கட்டுனேன்னு ரா பகலா சொல்றாரு. அந்தப் படத்தை ஒருதரம் காட்டுங்களேன் சார்" என்று கேட்டாள். சார் ஆள் விட்டு அவளைக் கீழே அனுப்பினார். நாம் ஆறு பேரும் குனிந்த தலை நிமிராமல் கோடு போட்டுக்கொண்டிருந்தோம்.

அந்த வாரம் உன் கை நடுங்க ஆரம்பித்தது. மைப்பேனாவைத் துணியில் வைத்தால் கோடு புழு நெளிவது போலப் போகும். பிளேடால் சுரண்டிவிட்டு மறுபடி போடுவாய், மறுபடியும் நெளியும். அந்தப் பெண் இறந்த அதிர்ச்சி, கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். உன் வேலையை என் மேசைக்கு அடியில் தள்ளிக்கொண்டு நான் முடித்துக் கொடுத்தேன், நீ ஓரக்கோடு மட்டும் போட்டாய். எத்தனை நாளைக்கு இது ஓடும்? உன் அம்மாவும் படித்துக்கொண்டிருந்த தம்பியும் உன் ஒரு சம்பளத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கை நடுங்கும் ட்ரேசரை யார் வைத்துக்கொள்வார்கள்?

புதுமண்டபத்துப் பழைய புத்தகக் கடையில் அந்த ரஷ்யப் பத்திரிகையை நான் எடுத்தது உனக்காகத்தான். ரஷ்யா எனக்கு எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. நடுப்பக்கத்தை விரித்ததும் ஒரு சின்ன ராக்கெட்டின் படம் இருந்தது. முழம் நீளம், நாலு இறக்கை, கூம்பு மூக்கு, உள்ளே மடித்து வைத்த பாராசூட். ஒவ்வொரு பாகமும் தனித்தனியாக, அளவுகளோடு. இவ்வளவு சுத்தமான கோடுகளை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. இதைக் காட்டினால் உனக்குக் கை ஊறும் என்று நினைத்தேன். ஊறியது. வெகுநேரம் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இது யார் தலையிலயும் விழாதுல்ல?" என்று கேட்டாய். பொம்மைதானே என்றேன்.

உன் செல்லூர் வீட்டு மாடியறையில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அதை வரைந்தாய். முதல் ஞாயிறு கோடு நெளிந்தது. மூன்றாவது ஞாயிறு அந்த மூக்கின் வளைவை ஒரே இழுப்பில் இழுத்தாய். நான் மூச்சுவிடவில்லை. படத்தின் கீழே பொடி எழுத்தில் இரண்டு வரி ரஷ்ய மொழியில் இருந்தது. கண்ணாடியில் தெரியும் ஆங்கிலம் போல, பாதி எழுத்து திரும்பி நிற்கும். அதையும் விடாமல், ஒவ்வொரு எழுத்தின் கனமும் மாறாமல் வரைந்து முடித்தாய். நான் வழக்கம்போல எண்களை ஒத்துப் படித்தேன். எழுத்தைப் படிக்கத் தெரியாததால் விட்டுவிட்டோம். நமக்கு அது எழுத்தில்லை, அதுவும் ஒரு கோடுதான்.

அத்தோடு விட்டிருக்கலாம். நீதான் விடவில்லை. "பத்து வருஷமா வரையுறோம். நம்ம வரைஞ்சதுல ஒண்ணையாச்சும் கட்டிப் பாத்திருக்கோமா? அது நிக்குமா விழுமான்னு நமக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாய். அதை நீ கேட்டவிதம் எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. ஆனால் உன் கை நடுங்காமல் இருந்ததே போதும் என்று தலையாட்டினேன்.

உடம்புக்குத் தடித்தாளைச் சுருட்டி மைதாப் பசை தடவிக் குழாய் செய்தோம். இறக்கைக்குத் தேயிலைப் பெட்டிப் பலகை. மூக்குக்குக் கல்யாண முருங்கைக் கட்டை, பம்பரம் கடைகிற ஆசாரி ஒருவர் சிரித்துக்கொண்டே கடைந்து கொடுத்தார். பாராசூட்டுக்கு நம் வேலையிலேயே துணி இருந்தது. கெட்டுப்போன ட்ரேசிங் துணியை வெந்நீரில் ஊறவைத்தால் மேல்பூச்சு கரைந்து, அடியில் இருக்கும் மல் துணி வெள்ளை வெளேரென்று வரும். ஆறு பெண்களும் அதில்தான் கைக்குட்டை தைப்போம். பிள்ளை பெற்றவளுக்குச் சட்டை தைத்துக் கொடுப்போம். உன் அம்மா அதைக் கொடியில் காயப்போட்டுவிட்டு, "யாருக்குடி விசேஷம்?" என்று கேட்டார். "ராக்கெட்டுக்கும்மா" என்றாய். வெகு நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் நீ சிரித்ததைக் கேட்டேன்.

வெடிமருந்துக்குத்தான் ஆள் தேட வேண்டியிருந்தது. அலங்காநல்லூர்ப் பக்கம் திருவிழாக்களுக்கு வாணம் விடுகிற பெரியவர் ஒருவர், உரிமம் வைத்திருந்தவர், ஒத்துக்கொண்டார். மருந்தை நாம் தொடக் கூடாது, ஏவுவது தன் கையால்தான் என்று கண்டிப்பாகச் சொன்னார். மாசிக் கடைசியில் ஒரு ஞாயிறு காலை, அவர் ஊருக்குப் பக்கத்தில் வற்றிக் கிடந்த கண்மாய்க்குள் இறங்கினோம். ராக்கெட்டைக் கையில் வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். "என்ன தாயி, குச்சி இல்லாமயா விடுறீக? வாணத்துக்குக் குச்சிதானே வாலு" என்றார். இதற்கு இறக்கை இருக்கிறது, குச்சி வேண்டாம் என்று படத்தைக் காட்டினாய். அவர் விரலால் கீழே இருந்த எழுத்தைத் தொட்டார்.

"இது என்ன எழுதியிருக்கு?"

"தெரியலங்கய்யா. ரஷ்ய பாஷை."

"தெரியாமயா இம்புட்டு அழகா எழுதியிருக்கீக?"

நாம் சிரித்தோம். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, நாம் இருவரும் சிரித்தோம்.

திரி எரிந்தது. ராக்கெட் சீறிக்கொண்டு பனைமர உயரம் போயிருக்கும். போனதும் வாலை மேலே தூக்கித் தலைகீழாகத் திரும்பியது. திரும்பி, கிறுக்குப் பிடித்தது போல வட்டம் போட்டு, பக்கவாட்டில் பாய்ந்தது. கண்மாய்க் கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி வேடிக்கை பார்க்க நம் பக்கத்திலேயே வந்து நின்றிருந்தாள். அவள் காலுக்கு ஒரு முழம் தள்ளி அது மண்ணில் குத்திப் புகைந்தது. அவள் சேலை நுனியில் பொறி பட்டது. பெரியவர் ஓடிவந்து துண்டால் அடித்து அணைத்தார். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று அவள்தான் நமக்குத் தைரியம் சொன்னாள். நீ நின்ற இடத்திலேயே நின்றாய். கீழே விழுந்து கிடந்ததை எடுக்கக்கூட நீ குனியவில்லை.

பஸ்ஸில் வரும்போது உன் கையைப் பிடித்துப் பார்த்தேன். மறுபடி நடுங்கியது. "நான் வரைஞ்சா ஆள் தலையிலதான் விழும்" என்றாய். வேலையை விட்டுவிடப் போவதாகவும் சொன்னாய். வைகைப் பாலம் வரும்வரை பெரியவர் கேட்ட கேள்வியே என் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

கீழவாசல் பக்கம் ரஷ்யாவில் மருத்துவம் படித்துவிட்டு வந்த டாக்டர் ஒருவர் இருந்தார். அடுத்த நாள் மாலை நோயாளிகளோடு நானும் டோக்கன் வாங்கி உட்கார்ந்தேன். என் முறை வந்ததும் அவர் நாடியைப் பிடிக்கக் கை நீட்டினார், நான் உன் ராக்கெட் படத்தை நீட்டினேன்.

"எனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்ல சார். இதைப் படிச்சுச் சொன்னாப் போதும்."

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். "எழுத்து பிரமாதமா இருக்கே. யார் ரஷ்யன் படிச்சது?" யாரும் படிக்கவில்லை, வரைந்தோம் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, தமிழில் சொன்னார். முதல் வரி: மூக்குக்குள் ஈயமோ களிமண்ணோ வைத்து எடை ஏற்றவும், ராக்கெட்டை நடுவில் நூலில் கட்டித் தொங்கவிட்டால் தலைப்பக்கம் தாழ வேண்டும், தாழாவிட்டால் ஏவ வேண்டாம். இரண்டாம் வரி: ஏவும்போது ஆட்கள் ஐம்பது மீட்டர் தள்ளி நிற்க வேண்டும்.

முதல் வரியை உன்னிடம் சொல்லிவிடலாம். இரண்டாவதைச் சொல்வதா வேண்டாமா என்று கீழவாசலிலிருந்து செல்லூர்வரை நடந்துகொண்டே யோசித்தேன். 'தள்ளி நில்' என்ற எச்சரிக்கையை நீயே உன் கையால், அவ்வளவு அழகாக, அர்த்தம் தெரியாமல் எழுதியிருக்கிறாய் என்று தெரிந்தால் உடைந்துபோவாய். மறைத்துவிடத்தான் நினைத்தேன். ஆனால் கதவைத் திறந்த உன் முகத்தைப் பார்த்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். எனக்கு அந்த நாளில் இருந்த நேர்மை அவ்வளவுதான், அதுவும் தானாக வாயிலிருந்து விழுந்தது.

நீ உடையவில்லை. படத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அந்த இரண்டு வரியையும் விரலால் தடவினாய்.

"எழுதுனவன் சொல்லித்தான் இருக்கான்டி. நாமதான் கேக்கல."

பிறகு என்னைப் பார்க்காமல், "கிட்டங்கிப் படத்துலயும் அப்படித்தான்" என்றாய். முதல் தாளில் பதினைந்து, இரண்டாம் தாளில் அதே கம்பிக்கு இருபத்தைந்து. சார் பென்சிலிலேயே அப்படித்தான் போட்டிருந்தார். வரையும்போதே அது உன் கண்ணில் பட்டது. கேட்டால் 'கதையைப் பாக்காத' என்பார் என்று இரண்டையும் அப்படியே மையில் ஏற்றிவிட்டாய். கொத்தனார் இரண்டாம் தாளைப் பார்த்துக் கட்டியிருக்கிறார். அந்தத் தாள் இன்னும் சாரின் அலமாரியில்தான் இருக்கிறது என்றாய்.

"நீ கவனிக்கலையாடி? ஒத்துப் படிச்சது நீதானே?" என்று கேட்டாய்.

"வாய் படிச்சுச்சு, மனசு அதுல இல்ல" என்றேன்.

"அதான் யாரோ துரத்துற மாதிரி படிப்பியே" என்று சொன்னாய். மேலே ஒன்றும் கேட்கவில்லை.

அந்த வாரம் முழுக்கப் புது ராக்கெட் செய்தோம். மூக்கைக் குடைந்து, கண்மாய்க் களிமண்ணை உருட்டி உள்ளே வைத்தாய். நூலில் கட்டித் தூக்கினால் வால்தான் தாழ்ந்தது. இன்னும் கொஞ்சம் களிமண், இன்னும் கொஞ்சம். தேயிலைப் பலகை கனம், அதுதான் பின்னுக்கு இழுத்திருக்கிறது என்று புரிந்தது. கடைசியில் தலை மெல்லத் தாழ்ந்து நின்றது. உன் முகத்தில் மகிழ்ச்சியெல்லாம் இல்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற ஒரு கவனம் மட்டும் இருந்தது.

பங்குனி முதல் ஞாயிறு அதே கண்மாய். பெரியவரிடம் டாக்டர் படித்துச் சொன்னதைச் சொன்னோம். "அப்படி வாங்க" என்றார். செய்தி பரவி, ஊரிலிருந்து முப்பது பேர் வந்துவிட்டார்கள். நீ உன் கையில் இருந்த அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு ஐம்பது மீட்டர் அளந்து, காலால் மண்ணில் கோடு கிழித்தாய். ஒருவரையும் கோட்டுக்கு இந்தப் பக்கம் விடவில்லை. பஞ்சாயத்துத் தலைவரையே "பின்னாடி போங்கண்ணே" என்று விரட்டினாய். போன முறை வந்த ஆட்டுக்காரப் பெண்ணையும் கையைப் பிடித்து அழைத்துப்போய்க் கடைசியில் நிறுத்தினாய்.

இந்த முறை அது நேராகப் போனது. அவ்வளவு நேராக ஒன்று மேலே போகும் என்று நான் நினைத்ததே இல்லை. ஊரே வாயைப் பிளந்து நின்றது. உச்சியில் போய் 'டப்' என்று ஒரு சத்தம், அப்புறம் வெள்ளையாக ஒரு புள்ளி விரிந்தது. நம் ட்ரேசிங் துணி. ஆடி ஆடி, அவசரமே இல்லாமல் கீழே வந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். நான் அழுதேன், வெட்கமில்லாமல் அழுதேன். திரும்பி உன்னைப் பார்த்தேன். நீ வானத்தைப் பார்க்கவில்லை. கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற ஆட்களை ஒவ்வொருவராக எண்ணிக்கொண்டிருந்தாய். அது தரையைத் தொட்ட பிறகுதான் உன் தோள் இறங்கியது.

"நாளைக்குச் சார்கிட்ட சொல்லப்போறேன்" என்றாய் பஸ்ஸில். உன் கை மடியில் அசையாமல் கிடந்தது.

மறுநாள் நீ எனக்கு முன்னால் வந்துவிட்டாய். அலமாரியிலிருந்து இரண்டாம் தாளை எடுத்துப் பின்னறைக்குப் போய் ஒரு நகல் போட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாய். நான் வாசலில் நுழையும்போது அமோனியா வாடை படியிலேயே அடித்தது. பிறகு சாரின் மேசை முன்னால் போய் நின்றாய். ஆறு மேசைக்கும் கேட்டது. "கிட்டங்கிப் படத்துல ரெண்டு தாள்லயும் ரெண்டு எண் இருக்கு சார். வரையும்போதே பாத்தேன். கேக்காம விட்டது என் தப்பு. கொத்தனார்மேல தப்பு இல்ல. வக்கீல்கிட்ட சொல்லப்போறேன்."

சார் முதலில் கெஞ்சினார். பிறகு கத்தினார். கடைசியில், "ஒத்துப் படிச்சது யாரு? அவளும் பாத்தாளா?" என்று கேட்டார். அவர் பார்வை மேசைகளின் மேல் ஓடியது. நான் மைப்பேனாவை எடுத்துக்கொண்டு மேசைமேல் குனிந்தேன்.

"அன்னைக்கு யாரும் ஒத்துப் படிக்கல சார். அவசரம்னு நான் தனியாத்தான் பாத்துக் குடுத்தேன்" என்றாய்.

நீ அதைச் சொன்னபோது என் பக்கம் திரும்பவே இல்லை. எழுந்து நின்று, இல்லை, நான்தான் படித்தேன் என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் மைப்பேனாவிலிருந்து ஒரு சொட்டு விழுந்து, பாதி வரைந்திருந்த கல்யாண மண்டபத்தின் மேல் படர்ந்தது. நீ உன் பேனாப் பெட்டியை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாய். அன்று மாலைவரை நான் அந்தக் கறையைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

வழக்கில் நீ போய்ச் சாட்சி சொன்னாய். கொத்தனாரை விட்டுவிட்டார்கள், சார் அபராதத்தோடு தப்பித்துக்கொண்டார். உன்னை ஒரு வருஷம்போல எந்த அலுவலகமும் எடுக்கவில்லை. வாய் நீளம் என்று பேர் பரவிவிட்டது. பிறகு அந்தக் கொத்தனார்தான் உன் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் புது வேலையின் படம். "இதைக் கொஞ்சம் படிச்சுக் காட்டுங்க தங்கச்சி. எண்ணு எனக்குத் தெரியும், இங்கிலீஷ்ல எழுதியிருக்கிறது தெரியல" என்று உட்கார்ந்தார். அவர் இன்னொருவரை அனுப்பினார், அவர் நாலு பேரை. விடிகாலையில் வேலைக்குப் போகிற வழியில் செல்லூர் வீட்டு வாசலில் சைக்கிள்கள் நிற்க ஆரம்பித்தன. ஒவ்வொரு தாளையும் அடுத்த தாளோடு வைத்து, ஓரத்திலுள்ள பொடி எழுத்துவரை படித்துச் சொல்வாய். எண் இடித்தால் "இதைக் கேக்காம செங்கல் வைக்காதீக" என்பாய். முப்பது வருஷத்துக்கு மேல் அதுதான் உன் பிழைப்பு. படம் படிக்கிற அக்கா என்றால் மதுரையில் கொத்துக்கரண்டி பிடித்த எல்லாருக்கும் தெரியும்.

உன்னைத் தூக்கிய அன்று வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்து என் மகள், "இவங்க எல்லாம் சொந்தமாம்மா?" என்று கேட்டாள். கொத்தனார்கள் என்றேன். வேலையைப் பாதியில் விட்டுவிட்டுக் கைகாலில் சிமெண்டோடு வந்திருந்தார்கள். அவர்களுக்கு உன்மேல் இருந்த உரிமை எனக்கு இல்லை என்று தோன்றியது. அதனால்தான் அழவும் வரவில்லை.

நானும் மாறினேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். நீ வேலையை விட்டுப் போன பிறகு எண் இடித்த ஒவ்வொரு படத்தையும் தூக்கிக்கொண்டு சாரிடம் போனேன். அவர் முறைத்தார், திருத்தினார். ஓய்வு பெறும்வரை அப்படியே இருந்தேன். ஆனால் நாம் சந்தித்த கல்யாணங்களிலும் காதுகுத்துகளிலும், என் மகள் பிறந்தபோது நீ சட்டை தைத்துக்கொண்டு வந்தபோதும், உன் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நான் உட்கார்ந்திருந்த அந்தக் கடைசி வாரத்திலும், அந்த ஒரு படத்தைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. நீயும் கேட்கவில்லை. இன்றைக்கும் என்னால் எண்களை வாய்விட்டுப் படிக்க முடிவதில்லை. மகள் கரண்டு பில் எண்ணைப் படிக்கச் சொன்னால் தாளை அவளிடமே நீட்டிவிடுகிறேன். கண் சரியில்லை என்று நினைத்துக்கொள்கிறாள்.

நான் உன்னிடம் சொன்னது பொய். மனசு அதில் இருந்தது.

அந்தக் கிட்டங்கிப் படத்தின் இரண்டாம் தாளை ஒத்துப் படித்துக்கொண்டிருந்தேன். 'இருபத்தஞ்சு' என்று என் வாயிலிருந்து வந்ததுமே எனக்கு உறைத்துவிட்டது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் பதினைந்து என்று படித்ததும் நான்தான். படிப்பதை நிறுத்தினேன். ஒரு மூச்சு நேரம்தான் இருக்கும். நீ படத்தில் வைத்த விரலை எடுக்காமல் நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். எனக்குத் தெரிந்துவிட்டது என்று உனக்குத் தெரியும். அன்றிலிருந்தே தெரியும், தெரிந்துதான் 'நீ கவனிக்கலையாடி?' என்று கேட்டாய். நீ ஏதாவது சொல்வாய் என்று நான் காத்திருந்தேன், நான் ஏதாவது சொல்வேன் என்று நீ காத்திருந்தாய். அடுத்த எண்ணைப் படித்தது நான்தான்.